ஆர்வி-7ஏ பிரேக்கில் எந்த ஆயில்? டாட் 4, 5606, 83282 – மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள்

பனியூரான் (மினசோட்டா)

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வருடமாக இங்கே வாசித்து வருகிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

பாதியில் நின்றுபோன ஒரு ஆர்வி-7ஏ கிட்டை, அதாவது வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் சின்ன விமானத்தின் பாகங்களை, போன அக்டோபரில் வாங்கினேன். கட்டிக்கொண்டிருந்த பெரியவர் தவறிவிட்டார், அவர் மனைவிதான் விற்றார். மனிதர் வேலை அவ்வளவு சுத்தம். ரிவெட் வரிசையைக் கையால் தடவிப் பார்த்தால் ஓரிடத்திலும் நெருடாது. இறக்கைகள் முடிந்து சுவரோரம் நிற்கின்றன. உடற்பகுதியில் ரட்டர் பெடல், பெடலை அமுக்கினால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் இரண்டு, அலுமினியக் குழாய்கள், சக்கரம், டிஸ்க்கைக் கவ்வும் காலிபர் எல்லாம் மாட்டியாகிவிட்டது. ஆனால் அவருடைய கட்டுமானக் குறிப்பேடு எரிபொருள் தொட்டியோடு நின்றுவிடுகிறது. பிரேக்கைப் பற்றி ஒரு வரி இல்லை.

பிரேக் ஆயில் டப்பி காய்ந்து கிடக்கிறது. அடியில் ஒரு கறை வளையம் மட்டும். இடது பெடலை அமுக்கினால் எதிர்ப்பே இல்லாமல் போய்விடுகிறது, காலிபர் பக்கத்து இணைப்பில் வெளிர் மஞ்சளாக ஒரு சொட்டு வந்து நின்றது. அவருடைய அலமாரியில் திறந்த டப்பாக்கள் இரண்டு இருந்தன: ஒன்று டாட் 3, இன்னொன்று லேபிள் கிழிந்த சிவப்பு ஆயில். எதை ஊற்றினார் என்று சொல்ல ஆள் இல்லை.

கார் உதிரிபாகக் கடையில் கேட்டேன். "டாட் 4 போடுங்கள், கொதிநிலை அதிகம், காருக்கே போதும் என்றால் இந்தச் சின்ன விமானத்துக்குப் போதாதா" என்றார். பக்கத்து ஹாங்கர்காரர் (விமானக் கொட்டகைக்காரர்) 5606 என்ற விமான ஹைட்ராலிக் ஆயில் என்கிறார். அவருடைய நண்பர் 5606 தீப்பிடிக்கும், 83282 என்ற இன்னொரு விமான ஆயில்தான் வேண்டும் என்கிறார். எங்கள் ஊரில் ஜனவரியில் -30 டிகிரி வரை போகும், என் ஹாங்கரில் ஹீட்டர் கிடையாது.

என் கேள்வி இரண்டு. எதை ஊற்றுவது? இருக்கிற பாகங்களை அப்படியே வைத்துக்கொண்டு மேலே ஊற்றி ஏர் எடுத்துவிட்டால் போதுமா, அல்லது எல்லாவற்றையும் கழற்ற வேண்டுமா? வேலைக்கு நான் அஞ்சவில்லை. தப்பாகச் செய்துவிடக் கூடாது என்றுதான் கேட்கிறேன்.

---

கேரேஜ்விமானி (அரிசோனா)

பனியூரான், அந்த அலமாரியில் இருக்கும் எதையும் இப்போதைக்கு ஊற்றாதீர்கள். இரண்டு டப்பாவையும் மூடித் தனியாக வையுங்கள்.

நம்மூரில் பைக் மெக்கானிக்கிடம் "பிரேக் ஆயில் கொடுங்க" என்று கேட்டால் டாட் 3 டப்பாவை எடுத்துத் தருவார். சின்ன வயதிலிருந்தே அப்படிச் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அது ஆயிலே இல்லை. டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் ஈதர் வகை. தண்ணீரோடு கலக்கும், காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும், பெயின்ட் மேல் பட்டால் உரித்துவிடும். விமானக்காரர்கள் ஊற்றும் சிவப்புத் திரவம், அதாவது 5606, கனிம எண்ணெய். அதுதான் நிஜமான ஆயில். நம் பேச்சில் இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்று மனசுக்குத் தோன்றிவிடுகிறது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

இதில் முடிவு செய்வது நீங்களும் இல்லை, கடைக்காரரும் இல்லை, உள்ளே இருக்கும் ரப்பர். மாஸ்டர் சிலிண்டரிலும் காலிபர் பிஸ்டனிலும் ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம், ஓ-ரிங், இருக்கிறதே, அது எந்த ரப்பர் என்பதுதான் முதல் கேள்வி. கார் பிரேக்கில் இருப்பது பெரும்பாலும் ஈ.பி.டி.எம். ரப்பர். அது கிளைக்காலில் வருடக்கணக்காக நன்றாக இருக்கும், கனிம எண்ணெய் பட்டால் உப்பிப் பெருத்துவிடும். நம் விமான பிரேக்கில் இருப்பது நைட்ரைல், ஹாங்கரில் புனா-என் என்பார்கள். அது எண்ணெயில் நன்றாக இருக்கும், கிளைக்காலில் மெத்தென்று ஆகிக் கெட்டுப்போகும். கெடுவது ஒரே நாளில் தெரியாது. முதல் வாரம் பெடல் கல் மாதிரி இருக்கும். சில மாதம் கழித்து, நீங்கள் அந்த டப்பாவையே மறந்துபோன பிறகு, ஓடுபாதை முனையில் பெடல் கீழே போகும்.

ஆர்வி கிட்டோடு வரும் பிரேக்குகள் 5606-க்காகச் செய்யப்பட்டவை. பிரேக் கம்பெனி கிளீவ்லாந்து, மாட்கோ எதுவானாலும் இதே கதைதான். செஸ்னா, பைப்பர் சின்ன விமானங்களிலும் அதுவே. ஐரோப்பாவிலிருந்து வரும் சில இலகு விமானங்களில் மோட்டார் சைக்கிள் காலிபர் போட்டு டாட் 4 ஊற்றியிருப்பார்கள், அங்கே அதுதான் சரி. அதனால்தான் யாராவது "நான் டாட் 4 ஊற்றி ஐந்து வருடம் ஆகிறது, ஒன்றும் ஆகவில்லை" என்று சொன்னால் எந்த பிரேக்கில் என்று கேட்க வேண்டும். நம்மைப் போல் கட்டுகிறவர்களுக்குக் கிடைக்கும் எக்ஸ்பெரிமென்டல் சான்றிதழ் விமானத்தில் இந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும் என்று சட்டம் எதுவும் உங்கள் கையைப் பிடிக்காது. கட்டுகிறவர் நீங்கள், முடிவும் பொறுப்பும் உங்களுடையது. ஆகவே பிரேக் தயாரிப்பாளரின் கையேட்டில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு அதன் குடும்பத்துக்குள்ளேயே நில்லுங்கள்.

கடைக்காரர் சொன்ன கொதிநிலை பொய்யில்லை. புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் தாங்க வேண்டும். ஆனால் ஈரம் ஏறிய பிறகு அதே டாட் 4-க்குக் கணக்கு 155 டிகிரிதான். டாட் 3-க்கு 205-இலிருந்து 140-க்கு இறங்கிவிடும். கார் தினமும் ஓடும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுவோம், மூடிக்குள் ரப்பர் தடுப்பும் உண்டு. நம் ஆயில் டப்பியின் மூடியில் இருப்பது ஒரு காற்றுத் துளை. விமானம் மாதக்கணக்கில் நிற்கும். உள்ளே ஏறிய ஈரம் அலுமினியக் காலிபரை அரிக்கவும் செய்யும்.

சரி, எண்ணெய்க் குடும்பத்துக்குள் 5606-ஆ 83282-ஆ? இங்கே நான் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன். காரணம் இருக்கிறது.

ஆறு வருடத்துக்கு முன் ஜூன் மாதம், காலை பத்து மணி, வெயில் அப்போதே 38 டிகிரி. என் விமானத்துக்கும் மூக்குச் சக்கரம் சும்மா சுழலுவதுதான். திருப்புவதெல்லாம் இடது, வலது பிரேக்கால். ஓடுபாதை மாற்றிவிட்டார்கள் என்று இரண்டு கிலோமீட்டருக்கு மேல் டாக்ஸி, அதாவது தரையிலேயே ஓட்டிப் போவது, அதுவும் இடப்பக்கத்துக் காற்றோடு. விமானம் காற்றைப் பார்த்து இடப்பக்கமே திரும்பப் பார்க்கும். நான் வலது பிரேக்கை விடாமல் லேசாக அழுத்தியபடி, வேகம் குறையாமலிருக்க த்ராட்டிலையும் கூட்டி வைத்திருந்தேன். தப்பு என்று அன்று தெரியாது. வலது இருக்கையில் என் மகள், அப்போது அவளுக்குப் பதினான்கு.

பின்னால் வந்துகொண்டிருந்த விமானி ரேடியோவில் "உங்கள் வலது சக்கரத்தில் புகை" என்றார். நிறுத்தி எஞ்சினை அணைத்துக் கதவைத் திறப்பதற்குள் சக்கரக் கவசத்துக்குள்ளிருந்து தீ எட்டிப் பார்த்தது. மகளை இடது பக்கமாக இறக்கி ஓடச் சொன்னேன். தீயணைப்பான் என் இருக்கைக்கு அடியிலேயே இருந்தது. அடித்தேன், அணைந்தது. கவசம், டயர், கால் உறை போயிற்று. இறக்கையின் அடியில் பெயின்ட் கொப்பளித்திருந்தது. அந்த இடத்துக்கு மேலேதான் எரிபொருள் தொட்டி. அதைப் பார்த்தபோதுதான் எனக்குக் கால் நடுங்கியது.

கழற்றிப் பார்த்தேன். காலிபர் ஓ-ரிங் சூட்டில் வெந்து கெட்டியாகி ஓரிடத்தில் பிளந்திருந்தது. அந்தப் பிளவு வழியாக 5606 கசிந்து சூடேறிய டிஸ்க் மேல் சொட்டியிருக்கிறது. ஆயிலின் தீப்பற்றும் நிலைக்கு ஒரு கணக்கு உண்டு. எந்தச் சூட்டில் அதன் ஆவி ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் என்பது. 5606-க்கு வரையறை குறைந்தது 82 டிகிரி. 83282-க்கு குறைந்தது 205 டிகிரி. அமெரிக்க ராணுவம் 83282-ஐக் கொண்டுவந்ததே ஹைட்ராலிக் தீயைக் குறைக்கத்தான். அதுவும் சிவப்புதான், அதே நைட்ரைல் ரப்பருக்கு ஒத்துப்போகும், 5606-ஓடு கலந்தாலும் கெடாது. எரியாத ஆயில் என்று நினைத்துவிடாதீர்கள், எரியும். பற்றிக்கொள்ள அதற்கு இன்னும் நிறையச் சூடு வேண்டும், அவ்வளவுதான். அந்த வித்தியாசம் எனக்கு அன்று வேண்டியிருந்தது.

டிஸ்க் எவ்வளவு சூடாகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆர்வி-7ஏயின் முழு எடை 1800 பவுண்டு, அதாவது சுமார் 816 கிலோ. 40 நாட் (மணிக்குச் சுமார் 74 கிலோமீட்டர்) வேகத்திலிருந்து பிரேக்கால் மட்டுமே நிறுத்தினால் கிட்டத்தட்ட 170 கிலோஜூல். அரை லிட்டர் தண்ணீரைச் சாதாரணச் சூட்டிலிருந்து கொதிக்கவைக்கும் அளவு. அவ்வளவும் இரண்டு சின்ன டிஸ்க்குக்குள் சில விநாடியில் போகிறது. நிறுத்தியதோடு முடிந்தால் ஆறிவிடும். எஞ்சினோடு மல்லுக்கட்டி இரண்டு கிலோமீட்டர் பிரேக்கைத் தேய்த்தால் ஆற நேரமே கிடையாது, மேலே கவசம் வேறு மூடியிருக்கிறது.

அதன் பிறகு நான் 83282-க்கு மாறினேன், காலிபர் ஓ-ரிங்கை வைட்டான் என்ற ரப்பருக்கு மாற்றினேன். நைட்ரைல் ஏறத்தாழ 120 டிகிரி வரைதான் நிம்மதியாக இருக்கும், வைட்டான் 200 வரை தாங்கும். டாக்ஸி பழக்கத்தையும் மாற்றிக்கொண்டேன். த்ராட்டிலைக் குறைத்து வைப்பேன், பிரேக்கைத் தேய்க்காமல் விட்டு விட்டு ஒரு குத்து மட்டும். ஆயிலைவிட இதுதான் முக்கியம் என்பேன்.

ஆனால் பனியூரான், நான் இருப்பது பாலைவனம். நான் செய்ததை நீங்கள் அப்படியே செய்யாதீர்கள். 83282 குளிரில் கெட்டியாகும். -40 டிகிரியில் 5606-க்கு அனுமதித்த தடிமன் 600 சென்டிஸ்டோக்ஸ், 83282-க்கு 2200. வரையறைப்படி 5606 -54 வரை வேலை செய்யும், 83282 -40 வரை. வைட்டானும் -20-க்குக் கீழே விறைத்து, ஆயிலைப் பிடிக்காமல் விடும். உங்கள் ஊர்க் குளிரைத் தெரிந்தவர் யாராவது சொன்னால் நல்லது.

இரண்டாவது கேள்விக்கு என் பதில்: மேலே ஊற்றி ஏர் எடுப்பது கூடாது. முதலில் அந்தச் சொட்டு என்னவென்று கண்டுபிடியுங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து நாலு சொட்டு விட்டுக் கலக்குங்கள். கிளைக்காலாக இருந்தால் தண்ணீரோடு கரைந்து காணாமல் போகும். எண்ணெயாக இருந்தால் மிதக்கும். நிறத்தை நம்பாதீர்கள். 5606, 83282, கார் கியர் பாக்ஸில் ஊற்றும் ஏ.டி.எஃப். மூன்றுமே சிவப்பு, பழையதானால் சிவப்பும் வெளுக்கும்.

---

தாம்பரம்_ஏர்ஃபிரேம் (கோயம்புத்தூர்)

தம்பிகளா, நான் இந்திய விமானப்படையில் ஏர்ஃபிரேம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பயிற்சி தாம்பரத்தில். கேரேஜ்விமானி எழுதியது முழுக்கச் சரி, மகளோடு பத்திரமாக இறங்கியதற்கு மனசு நிறைந்தது.

நாங்கள் 5606 என்று சொன்னதில்லை, எங்களுக்கு அது ஓ.எம்.-15. ரஷ்ய விமானத்துக்கு வந்தால் ஏ.எம்.ஜி.-10. டப்பாவின் பெயர் மாறுமே தவிர எல்லாம் சிவப்புக் கனிம எண்ணெய்க் குடும்பம்தான். மிக்-21-இல் சக்கர பிரேக் காற்றழுத்தத்தில் வேலை செய்யும், அதனால் அங்கே பிரேக்கில் ஆயில் பேச்சே இல்லை, மற்ற ஹைட்ராலிக்கில்தான் ஏ.எம்.ஜி.-10.

விமானப்படையை விட்ட பிறகு சில வருடம் பெரிய ஜெட் விமானங்களில் வேலை பார்த்தேன். அங்கே ஸ்கைட்ரால். பாஸ்பேட் எஸ்டர், ஊதா நிறம், தோலில் பட்டால் எரியும், பெயின்ட்டைத் தின்னும், நைட்ரைல் ரப்பரையும் தின்னும். தீக்குப் பயந்துதான் அதைக் கொண்டுவந்தார்கள். யாராவது "ஏர்லைனில் ஊற்றுவது இது, உசத்தி" என்று ஒரு டப்பா கொடுத்தால் வாங்காதீர்கள். உங்கள் பிரேக்குக்கு அது விஷம்.

நான் சொல்ல வந்தது வேறு. ஆயிலைத் தேர்ந்தெடுப்பது ஒரு நாள் வேலை. அதைக் கலப்படம் இல்லாமல் வைத்திருப்பது தினசரி வேலை. எங்கள் பிரிவில் ஒவ்வொரு ஆயிலுக்கும் தனி வண்டி, தனி புனல், தனி கேன், எல்லாவற்றிலும் பெயின்ட்டில் பெயர். ஒரு புனலை மாற்றி வைத்ததற்காக ஒரு பையன் நாள் முழுக்க ஒரு ஹைட்ராலிக் அமைப்பையே கழுவி எடுத்ததை நான் நின்று பார்த்திருக்கிறேன். ஏர் எடுக்கும்போது வெளியே வந்த ஆயிலைத் திரும்ப ஊற்றக் கூடாது. திறந்து மாதக்கணக்கான டப்பா வேண்டாம். ஒரு குவார்ட் டின் வாங்கினால் உங்கள் இரண்டு பிரேக்குக்கும் தாராளம். லேபிள் கிழிந்த அந்தச் சிவப்பு ஆயிலைக் கேட்டுக்குக் கீல் எண்ணெயாக வேண்டுமானால் போடுங்கள், பிரேக்குக்கு வேண்டாம்.

---

வடக்குக்காற்று (வின்னிபெக்)

குளிர்க் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். ஹீட்டர் இல்லாத ஹாங்கர், பத்து குளிர்காலம்.

கேரேஜ்விமானி அண்ணன் மாதிரியே நானும் வைட்டான் போட்டேன். டிசம்பரில் -28 டிகிரியில் ஒரு காலை போய்ப் பார்த்தால் இரண்டு சக்கரத்துக்கும் கீழே பனியில் சிவப்புப் பொட்டு. பெடலை நாலு தடவை அடித்துச் சூடேற்றிய பிறகு கசிவு நின்றது. நின்றதால் சரியாகிவிட்டது என்று விட எனக்கு மனம் வரவில்லை. நைட்ரைலுக்குத் திரும்பினேன், காலிபர் ஓ-ரிங்கை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன். கடையில் ஒரு காப்பி வாங்கும் காசுகூட ஆகாது.

83282 பற்றி: -25 வரை எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. -30-ஐத் தாண்டினால் பெடல் மெதுவாகத் திரும்பி வருகிறது. பிரேக் முழுதாக விடாமல் லேசாகப் பிடித்திருக்கும். பிடித்திருந்தால் சூடு, சூடானால் நீங்கள் எதற்குப் பயந்தீர்களோ அதுவே. அந்தக் குளிரில் எஞ்சினுக்கும் நல்லதில்லை, நான் பறப்பதும் இல்லை. உங்களுக்கு -30-இல் பறந்தே ஆக வேண்டும் என்றால் 87257 என்று ஒன்று உண்டு. 83282-இன் குளிர்கால வகை, -54 வரை போகும், தீப்பற்றும் நிலை 160 டிகிரி. சின்ன டப்பாவாகக் கிடைப்பதுதான் சிரமம். ஆகவே -25-க்குக் கீழே வண்டியை எடுக்கமாட்டேன் என்று முடிவு செய்துகொண்டு 83282-உம் நைட்ரைலும் போடுங்கள் என்பேன்.

---

பனியூரான்

மூவருக்கும் நன்றி. நேற்று இரவு தண்ணீர்ச் சோதனை செய்தேன்.

காலிபர் இணைப்பைத் தளர்த்தி ஒரு ஊசிக்குழாயில் கொஞ்சம் எடுத்தேன். டம்ளரில் விட்டுக் கலக்கினேன். முழுக்கக் கரைந்துவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்கச் சிவப்பு டப்பாவிலிருந்து இன்னொரு டம்ளரில் விட்டேன், அது பொட்டுப் பொட்டாக மேலே மிதந்தது. ஆக, உள்ளே இருப்பது டாட் 3.

இன்று இடது மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றினேன். ஓ-ரிங்கை நகத்தால் அழுத்தினால் தடம் விழுகிறது. புதியது ஒன்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது கண்ணுக்கே தெரிகிற அளவு தடித்திருந்தது. காலிபர் பிஸ்டனைச் சுற்றி வெள்ளையாக அரிப்புப் பொடி. வலது பக்கம் இன்னும் திறக்கவில்லை.

இத்தனை கவனமாகக் கட்டிய மனிதர் இப்படிச் செய்திருப்பாரா என்று மனசு கேட்கவில்லை. அவர் மனைவியிடம் போனில் கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னார்: குழாய் இணைப்புகளில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கக் கையில் இருந்ததை ஊற்றினாராம். நல்ல ஆயில் வாங்கிவந்து, ரப்பரும் மாற்றிக் கட்டிவிடுவதாகச் சொல்லியிருந்தார். அதற்கடுத்த மாதம் மருத்துவமனைக்குப் போனவர்தான்.

இப்போது அலுமினியக் குழாயையும் மாற்ற வேண்டுமா, கழுவினால் போதுமா?

---

கேரேஜ்விமானி

பனியூரான், அந்த அம்மாவைக் கேட்டது நல்ல காரியம். அவர் சொல்லியிருந்ததை நீங்கள் முடித்துவைக்கிறீர்கள்.

அலுமினியக் குழாய்க்கு ஒன்றும் ஆகியிருக்காது, மாற்ற வேண்டாம். எல்லா இணைப்பையும் கழற்றி ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை இரண்டு மூன்று முறை உள்ளே விட்டுக் கழுவுங்கள். டாட் 3 ஆல்கஹாலில் கரையும், எண்ணெய் வகைக் கரைப்பானில் அவ்வளவாகக் கரையாது, அதனால் மினரல் ஸ்பிரிட்டில் ஆரம்பிக்காதீர்கள். பிறகு காய்ந்த காற்று விட்டு ஊதி, ஒரு ராத்திரி திறந்து வையுங்கள். பாதியில் ரப்பர் ஹோஸ் ஏதாவது போட்டிருந்தால் அதை யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். உள் பக்க ரப்பர் என்ன ஆகியிருக்கும் என்று கண்ணால் பார்க்க முடியாது. காலிபருக்குப் போகும் கடைசி ஓர் அடிக்கு எஃகு வலை போட்ட டெஃப்லான் ஹோஸ் போட்டால் சூட்டுக்கும் நல்லது.

ஓ-ரிங் எல்லாம் புதிதாக. மாஸ்டர் சிலிண்டர் இரண்டு, காலிபர் இரண்டு. பார்க்கிங் பிரேக் வால்வு இருந்தால் அதற்குள்ளும் ஓ-ரிங் உண்டு, பலர் அதை மறந்துவிடுவார்கள். எண்ணைப் பார்த்துத் தயாரிப்பாளரிடமிருந்தே வாங்குங்கள். கருப்பு ஓ-ரிங் எல்லாம் பார்வைக்கு ஒன்று போலத்தான் இருக்கும். ஒன்றில் சந்தேகம் என்றால் கூடுதலாக ஒன்றை வாங்கி வெர்னியரில் அளந்து, 83282-இல் இரண்டு நாள் ஊறவைத்துத் திரும்ப அளங்கள். ஈ.பி.டி.எம். என்றால் அந்த இரண்டு நாளிலேயே உப்பிக் காட்டிக்கொடுத்துவிடும்.

காலிபர் துளையில் அரிப்பைத் துடைத்துவிட்டு விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டுப்பட்டால் அந்தக் காலிபரைக் காப்பாற்ற முயற்சி செய்ய வேண்டாம், புதியது வாங்கிவிடுங்கள். இந்த இடத்தில் காசைப் பார்க்காதீர்கள்.

வடக்குக்காற்று சொன்னபடி நைட்ரைலும் 83282-உம்தான் உங்களுக்குச் சரி என்று எனக்கும் படுகிறது. காய்ந்த அமைப்பிலிருந்து ஆரம்பிப்பது உங்கள் அதிர்ஷ்டம். ஏற்கெனவே 5606 இருந்து அதன்மேல் 83282 ஊற்றினால் ஒத்துப்போகும், ஆனால் மிச்சமிருக்கும் 5606 தீப்பற்றும் நிலையைக் கீழே இழுத்துவிடும்.

ஏர் எடுக்கும்போது காரில் செய்வது போல மேலிருந்து கீழே தள்ளாதீர்கள். மாஸ்டர் சிலிண்டர் மேலே, காலிபர் கீழே, காற்றுக் குமிழ் மேலேதான் ஏறப் பார்க்கும். காலிபரின் அடி நிப்பிளில் ஒரு தெளிவான குழாயை மாட்டி, கைப்பம்பு வைத்த ஆயில் கேனால் மெதுவாக மேல்நோக்கித் தள்ளுங்கள். டப்பியில் குமிழ் இல்லாமல் சிவப்பாக ஏறும்வரை. யாராவது ஒருவர் டப்பியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் வழிந்து தரைக் கம்பளம் எல்லாம் ஆயிலாகும். பைப் திரெட் இணைப்புகளுக்கு டெஃப்லான் டேப் வேண்டாம், துணுக்கு பிய்ந்து உள்ளே போய் வால்வில் மாட்டும். பசை வகை சீலன்ட் போதும். விரித்த முனை இணைப்புகளுக்கு எதுவுமே தேவையில்லை.

வலது பக்கத்தைத் திறந்ததும் என்ன இருந்தது என்று எழுதுங்கள்.

---

பனியூரான்

ஐந்து வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். ஓ-ரிங் வந்து சேரத் தாமதம்.

வலது காலிபர் தப்பிவிட்டது, துடைத்ததும் சுத்தமாக இருந்தது. இடது பக்கத்தில் நகம் தட்டியது, புதியது வாங்கினேன். மற்றபடி நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தேன். பார்க்கிங் பிரேக் வால்வு இருந்தது, உள்ளே மூன்று ஓ-ரிங். நீங்கள் சொல்லாமலிருந்தால் நிச்சயம் விட்டிருப்பேன்.

ஏர் எடுக்கும்போது டப்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. அந்த அம்மா வருகிறேன் என்றார். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தபடி "இன்னும் குமிழ் வருகிறது, இன்னும் வருகிறது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார், ஒரு சொட்டு வழியவிடவில்லை. முடிந்ததும் இருக்கையில் ஏறி உட்கார்ந்து இரண்டு பெடலையும் அமுக்கிப் பார்த்தார். கெட்டியாக நின்றது.

பிறகு ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்துப் பெடலை 48 மணி நேரம் அமுக்கியே வைத்தேன். இறங்கவில்லை, இணைப்புகளில் ஈரம் இல்லை. டப்பி மூடியிலும் இரண்டு காலிபர் மேலும் "83282 மட்டும்" என்று லேபிள் ஒட்டிவிட்டேன். அவருடைய குறிப்பேட்டில் எரிபொருள் தொட்டிக்கு அடுத்த பக்கத்தில் பிரேக் பக்கத்தை எழுதி, தேதியும் போட்டிருக்கிறேன்.